ஒரே தொண்டையில் சோப்ரானோவும் பெல்ட்டும்: செவ்வியல் பயிற்சி பெற்றவர் மியூசிக்கலில் பாடுவது பற்றி

கேள்வி: கொட்டாஞ்சேனைப் பாடகி

அனைவருக்கும் வணக்கம். நான் சிறு வயதிலிருந்து மேற்கத்தேயச் செவ்வியல் முறையிலேயே குரலிசை பயின்றவள். எட்டாம் தரப் பரீட்சையில் சித்தியடைந்த பின்னரும் பயிற்சியை விடாமல், கொட்டாஞ்சேனையில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) பகுதியைப் பாடி வருகிறேன். கொழும்பில் விரைவில் மேடையேறவிருக்கும் ஆங்கில மியூசிக்கல் (பாடல்களால் நடத்தப்படும் மேடை நாடகம்) ஒன்றில் எனக்கு முக்கியமான வேடம் கிடைத்துள்ளது. முதல் அங்கத்தில் அந்தப் பெண் பாடும் பாடல் எனக்கென்றே எழுதியதைப் போன்றது: நீண்ட சுரங்கள், மெதுவான ஏற்றம், நடு ஸிக்கு (பியானோவின் நடுவிலுள்ள C சுரம்) மேலே இரண்டாவது ஸ்தாயியில் பி ஃப்ளாட்டைத் தொடும் முடிவு. இரண்டாம் அங்கத்தில் அதே பெண் கோபத்தின் உச்சியில் பாடும் பாடலோ, பெல்ட் என்று சொல்லும் முறையில், மார்புக்குரலின் வலுவோடு நடு ஸிக்கு மேலுள்ள ஏ (A) சுரத்திலும் அதற்கு அடுத்த ஸியிலும் நிற்க வேண்டியது.

அந்த இரண்டாவது பாடலை ஒத்திகையில் பாடியபோது, "சத்தம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பூசையில் பாடுவது போல் இருக்கிறது, ஒரு சொல்லும் விளங்கவில்லை" என்று நெறியாளர் சொன்னார். குரலை "விட்டுப் பாடினால்" போதும் என்பது அவருடைய கருத்து. என் ஆசிரியையோ, பெல்ட் பாடினால் இத்தனை காலம் உழைத்துக் கட்டிய தலைக்குரல் கெட்டுவிடும், வேடத்தை விட்டுவிடுவதே நல்லது என்கிறார். இருவர் மீதும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இருவர் சொல்வதையும் ஒரே நேரத்தில் பின்பற்ற வழியில்லை.

செவ்வியல் பயிற்சி பெற்று, அதே குரலோடு மியூசிக்கல் மேடையில் இரண்டு விதமாகவும் பாடுகிறவர்கள் வெளிநாடுகளில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இயற்கையிலேயே வேறுவிதமான தொண்டை அமைந்திருக்கிறதா, அல்லது இது பயிற்சியால் வரக்கூடியதா? பயிற்சி என்றால் எங்கிருந்து தொடங்குவது? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: பம்பலப்பிட்டிக் குரலாசிரியை

தங்கச்சி, முதலில் என் வாழ்த்துகள். உங்கள் ஆசிரியை அஞ்சுவதற்குக் காரணம் உண்டு, நெறியாளர் குறை சொன்னதற்கும் காரணம் உண்டு. ஆனால் "விட்டுப் பாடு" என்பது அறிவுரையே அல்ல. செவ்வியல் முறையில் பழகிய ஒருவர் எதை விட வேண்டும், அதன் இடத்தில் எதைப் பிடிக்க வேண்டும் என்று யாராவது காட்டித் தராவிட்டால், அவர் தொண்டையை இறுக்கிக் கத்தத்தான் செய்வார். உங்கள் ஆசிரியை அஞ்சுகிற சேதம் அந்தக் கத்தலால் வருவது.

குரல்வளைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் பேசும் குரலிலும் மார்புக்குரலிலும் குரல்நாண்களின் உள்ளே இருக்கும் தசை சுருங்கி, நாண்கள் தடித்துக் குறுகி, ஒவ்வோர் அதிர்விலும் கூடுதலான நேரம் மூடியிருக்கின்றன. தலைக்குரலில் குரல்வளையின் முன்புறத் தசை நாண்களை இழுத்து நீட்டுகிறது. அவை மெலிந்து விளிம்பில் மட்டும் அதிர்கின்றன. பெண்குரலில் நடு ஸிக்கு மேலுள்ள ஈ, எஃப் சுரங்களை ஒட்டி முதல் திருப்பம் வருகிறது. செவ்வியல் சோப்ரானோ அந்த இடத்துக்குச் சற்று முன்பே மெதுவாகத் தலைக்குரலுக்கு மாறி, மாறியது கேட்காதபடி மறைக்கப் பழகுகிறார். பெல்ட் பாடுகிறவர் அதே இடத்தில் மாறாமல், மார்புக்குரலின் தன்மையை இன்னும் ஐந்தாறு சுரங்கள் மேலே கொண்டு போகிறார். இரண்டுக்கும் நடுவே, இரண்டு தசைகளும் பங்கிட்டு வேலை செய்யும் மிக்ஸ் என்ற பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. இன்றைய மியூசிக்கல் பாடல்களில் பெரும்பகுதி அங்கேதான் பாடப்படுகிறது. கேட்பவர் காதுக்கு முழு பெல்ட் போலத் தோன்றும் பல சுரங்கள் உண்மையில் கூர்மையான மிக்ஸ்தான்.

அடுத்தது உயிரெழுத்து. இதைத்தான் செவ்வியல் மாணவிகள் கடைசியாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். செவ்வியல் முறையில் குரல்வளையைத் தாழ்வாக வைத்து, தொண்டையின் பின்புறத்தை அகலமாக்கி, உயரே போகப் போக உயிரெழுத்தை வட்டமாக்குகிறோம். இசைக்குழுவின் ஒலி 500 ஹேர்ட்ஸ் அளவில் வலுவாக இருந்து மேலே போகப் போகத் தணிகிறது. பயிற்சி பெற்ற ஒபரா குரல், அதிலும் ஆண்குரல், 3000 ஹேர்ட்ஸ் அளவில் ஒலியைக் குவித்து, ஒலிவாங்கி இல்லாமலே அந்த இசைக்குழுவைத் தாண்டிப் போகிறது. சுவீடன் ஆய்வாளர் யோகான் சுண்ட்பேர்க் விரிவாக ஆராய்ந்த விடயம் இது. பெல்ட் வேறு வழியில் வலுவைத் தேடுகிறது. நடு ஸிக்கு மேலுள்ள ஏ 440 ஹேர்ட்ஸ். அதன் இரண்டாவது ஒத்திசைச் சுரம் (அதோடு கூடவே ஒலிக்கும், இருமடங்கு அதிர்வெண் கொண்ட சுரம்) 880. வாயைப் பேச்சில் போல அகலத் திறந்து, குரல்வளை சற்று உயர இடம் கொடுத்து, "ஆ" அல்லது "ஏ"யின் திறந்த வடிவத்தைப் பாடினால், வாயறையின் முதல் ஒத்ததிர்வு அந்த 880ஐ நெருங்கி வருகிறது. அப்போது குறைந்த உழைப்பில் பெரிய ஒலி கிடைக்கிறது. அதே சுரத்தில் "ஊ" என்று பாடினால் அந்த ஒத்ததிர்வு வெகு கீழே இருந்துவிடுகிறது. எவ்வளவு தள்ளினாலும் பெல்ட் வராது, தொண்டைதான் நோகும். நீங்கள் வட்டமாக்கிய உயிரெழுத்தோடு மார்புக்குரலை மேலே ஏற்ற முயன்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது இரண்டு முறைகளின் பாரத்தையும் சுமந்து, இரண்டின் உதவியையும் இழப்பது.

என் வகுப்பில் நான் செய்விப்பது இதுதான். பாடலை மூடி வைத்துவிட்டு, காலி வீதியின் மறுபக்கத்தில் போகும் தோழியைக் கூப்பிடுவது போல "ஏய், நில்லு!" என்று சொல்லச் சொல்வேன். கோபமோ அலறலோ வேண்டாம், தூரத்துக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான பெண்களுக்கு அந்த "ஏய்" நடு ஸிக்கு மேலுள்ள எஃப் அல்லது ஜி அளவில் தானாகவே விழும். பியானோவில் அந்தச் சுரத்தைக் கண்டுபிடித்து, அதே "ஏய்"யைக் கொஞ்சம் நீட்டச் சொல்வேன். நீட்டத் தொடங்கிய அந்தக் கணத்தில்தான் செவ்வியல் மாணவியின் தாடை பின்னால் போகும், நாக்கின் அடி கீழே அழுந்தும், விப்ராட்டோ (சுரத்தின் சீரான அசைவு) உள்ளே வரும். கண்ணாடியில் அதை அவருக்குக் காட்டி நிறுத்தி, மறுபடியும் கூப்பிடச் சொல்வேன். கூப்பிடுவதும் பாடுவதும் ஒன்றாகும் வரை அரைச் சுரம்கூட மேலே போக விடமாட்டேன். மூச்சைப் பற்றியும் ஒன்று: நீண்ட செவ்வியல் வரிக்கு எடுக்கும் ஆழமான மூச்சை இங்கே எடுத்தால், மூடியிருக்கும் நாண்களுக்குக் கீழே அழுத்தம் கூடித் தொண்டை இறுகும். கூப்பிடுவதற்கு எவ்வளவு மூச்சு எடுப்பீர்களோ அவ்வளவு போதும்.

தொண்டையின் அமைப்பு வேறா என்று கேட்டீர்கள். பிறவியில் வரும் வேறுபாடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் நினைக்கும் பாடகிகளின் வரலாறு வேறு கதை சொல்கிறது. கிறிஸ்டின் செனொவெத், கெலி ஓ'ஹாரா இருவரும் ஒக்லஹோமா நகரப் பல்கலைக்கழகத்தில், புளோரன்ஸ் பேர்ட்வெல் என்ற ஒரே ஆசிரியையிடம் பயின்றவர்கள். இருவரும் அங்கே ஒபரா படித்தவர்கள். செனொவெத் 2003இல் 'விக்கெட்' மியூசிக்கலில் கிளின்டாவாக நடித்தார். அந்த ஒரே வேடத்தில் தொடக்கக் காட்சியில் ஒபரா சோப்ரானோவாக மிதக்கும் குரலும், பிறகு தோழிக்கு அலங்காரம் சொல்லிக்கொடுக்கும் காட்சியில் பேச்சோடு ஒட்டிய குரலும் வருகின்றன. ஓ'ஹாரா 2014 டிசம்பர் 31 அன்று நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒபராவில் முதன்முதலாகப் பாடி, 2015இல் 'த கிங் அண்ட் ஐ' மியூசிக்கலுக்காக, அமெரிக்க மேடைக்கான டோனி விருது பெற்று, 2018இல் மீண்டும் அதே ஒபரா மேடையில் மொசார்ட் பாடினார். ஒரே ஆசிரியையின் வகுப்பிலிருந்து இப்படி இருவர் வந்திருப்பதைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை.

பதில்: சங்கீதமும் மேடையும்

குரலாசிரியை சொன்னதை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் பல்திறன் என்றால் எந்தக் குரலும் எதையும் பாடிவிடலாம் என்று இதை வாசிக்கும் இளையவர்கள் பொருள்கொள்ளக் கூடாது. 1984இல் இசையமைப்பாளர் லெனார்ட் பேர்ன்ஸ்டைன் தம்முடைய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' மியூசிக்கலைக் கிரி தெ கனாவா, ஹொசே கரேராஸ் ஆகிய பெரும் ஒபராப் பாடகர்களைக் கொண்டு தாமே நெறிப்படுத்தி ஒலிப்பதிவு செய்தார். குரல்களில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் நியூயோர்க் தெருவில் வளர்ந்த இளைஞனின் வாயிலிருந்து ஸ்பானிய உச்சரிப்போடு ஒபராக் குரல் வந்தபோது, பாத்திரம் எங்கோ போய்விட்டது என்று பலர் உணர்ந்தார்கள்; எனக்கும் அப்படியே கேட்கிறது. இதற்கு எதிரான உதாரணம் 1949இல் மேடையேறிய 'சவுத் பசிபிக்'. மெட்ரோபொலிட்டன் ஒபராவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடிய எற்சியோ பின்சா அதில் தம் ஒபராக் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரத் தோட்ட உரிமையாளர் என்ற அந்தப் பாத்திரத்துக்கு அந்தக் குரலே பொருந்தியது. அவரோடு நடித்த மேரி மார்ட்டின் அத்தகைய குரலோடு சேர்ந்து பாடத் தயங்கியதால், இசையமைப்பாளர் றிச்சர்ட் றொட்ஜர்ஸ், இருவரும் ஒருவர் மாறி ஒருவர் தம் மனத்துக்குள் பாடிக்கொள்வதாக ஒரு காட்சியை அமைத்தார். பாடகர் வளைய வேண்டிய இடமும் உண்டு, இசையமைப்பாளர் வளைந்துகொடுக்கும் இடமும் உண்டு.

இந்தத் தங்கச்சியின் நிலை பின்சாவினுடையது அல்ல. ஒரே பாத்திரம் இரண்டு மனநிலைகளில் இரண்டு குரலில் பாட வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. அதை ஒரே குரலில் பாடினால் பாத்திரத்தின் மாற்றம் சபையோருக்குக் கிடைக்காது.

இனி, இங்கே எழுதப்படாத ஒரு பக்கம். செவ்வியல் என்றால் மேற்கத்தேயச் செவ்வியல் மட்டும் என்று வைத்துக்கொண்டுதான் இதுவரை பேசியிருக்கிறோம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் மியூசிக்கல் ஒத்திகைகளுக்கு வருகிறார்கள், அவர்களுடைய சிக்கல் இதற்கு நேர்மாறானது. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மத்திய ஸ்தாயி சட்ஜம் நடு ஸிக்குக் கீழுள்ள ஜி ஷார்ப். தார ஸ்தாயி சட்ஜம் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, ஏறத்தாழ 415 ஹேர்ட்ஸ். தார ஸ்தாயிப் பஞ்சமம் ஏறத்தாழ 622 ஹேர்ட்ஸ். கொட்டாஞ்சேனைத் தங்கச்சி அஞ்சுகிற அந்த ஸி 523தான். கச்சேரியில் ஒரு பெண் தார ஸ்தாயியில் சஞ்சாரம் செய்யும்போது, பெல்ட் எல்லையைத் தாண்டி, மார்புக்குரலை ஆதாரமாகக் கொண்ட திறந்த குரலில்தான் பாடிக்கொண்டிருக்கிறார்! அகார சாதகத்தில் அவர் பழகிய "ஆ" பேச்சுக்கு நெருக்கமானது. ஓயாத விப்ராட்டோவும் அவரிடம் இல்லை. சுரத்தை அசைக்காமல் நிறுத்தவும், வேண்டிய இடத்தில் மட்டும் அசைக்கவும் தெரிந்தவர்.

அவருக்கு இல்லாதது தலைக்குரல். முதல் அங்கத்துப் பி ஃப்ளாட்டைக் கொடுத்தால் திகைத்துப் போவார், ஏனென்றால் அந்தப் பகுதியை அவருடைய பயிற்சி ஒருபோதும் கேட்டதில்லை. அடுத்து, ஒரு சொல்லை நீட்டும்போது குரல் தானாகக் கமகத்துக்குப் போகும். ஆங்கிலப் பாடலில் அது சொல்லைக் குலைத்துவிடும். ஆகவே, "செவ்வியல் பயிற்சி பெற்றவருக்குப் பெல்ட் வராது" என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. எந்தப் பயிற்சி குரலின் எந்தப் பகுதியைத் தேடிப் போகவில்லையோ, அந்தப் பகுதிதான் புதிதாகக் கட்டப்பட வேண்டியது. மேற்கத்தேய மாணவிக்கு அது மார்புக்குரலின் மேற்பகுதி. கர்நாடக மாணவிக்குத் தலைக்குரல்.

நம்முடைய மேடையை மறந்துவிட்டு இதைப் பேசுவதும் நியாயமில்லை. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் இந்தக் கொழும்பு மேடையில்தான் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள். ஒலிவாங்கி இல்லாத கொட்டகையில், இராகம் குலையாமல், கடைசி வரிசைக்குச் சொல் விளங்கப் பாடியவர்கள் அவர்கள். பின்னாளில் நடிகமணி வி. வி. வைரமுத்து 'மயான காண்ட'த்தில் அரிச்சந்திரனாக நின்று பாடியதைக் கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. சங்கீத ஞானமும் வசனத்தின் வேகமும் ஒரே குரலில் சேர முடியும் என்பதற்கு ஈழத்து மேடையிலிருந்து வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

பதில்: தெஹிவளை ஒபரா ரசிகர்

டானியேல் டி நீஸை யாரும் குறிப்பிடவில்லையே. இலங்கை வம்சாவளியைச் சேர்ந்தவர், மெல்பேர்னில் பிறந்தவர், 2005இல் கிளைன்ட்போர்ன் ஒபரா விழாவில் ஹெண்டலின் ஒபராவில் கிளியோபாட்ராவாகப் பாடி உலகப் புகழ் பெற்ற சோப்ரானோ. அவரே 2019இல் இலண்டன் கொலிசியத்தில் 'மேன் ஒஃப் லா மான்சா' மியூசிக்கலில் நடித்தார். 2023இல் இலண்டன் வெஸ்ட் எண்டில் 'ஆஸ்பெக்ட்ஸ் ஒஃப் லவ்'விலும் நடித்தார். இந்த வரிசையில் அவருடைய பெயரும் இருக்க வேண்டும்.

பதில்: மேடை ஒலியமைப்பாளர்

குரல் பயிற்சியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெரிய ஆலயத்தில் பாடிப் பழகியவர்களுக்குக் கூரையும் சுவர்களும் குரலைத் திருப்பித் தருகின்றன. நாடக அரங்கோ திரைச்சீலையும் மெத்தை இருக்கைகளுமாக ஒலியை விழுங்குவது. தம் குரல் தமக்குக் கேட்கவில்லை என்று தோன்றியவுடன் பாடகர் தள்ளத் தொடங்குகிறார். இதை நான் மீண்டும் மீண்டும் காண்கிறேன், அதுவும் நன்றாகப் பயின்ற பாடகர்களிடம். தங்கச்சி, தொழில்நுட்ப ஒத்திகையின்போது உங்கள் பக்கத்து மொனிட்டரில் (பாடகரை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கி) உங்கள் குரல் போதுமான அளவு கேட்கிறதா என்று தயங்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

மியூசிக்கலில் ஒலிவாங்கி பெரும்பாலும் நெற்றியில், மயிர் தொடங்கும் இடத்தில் பொருத்தப்படும். கடைசி வரிசைக்குக் குரலை அனுப்புவது எங்களுடைய வேலை. உங்கள் பி ஃப்ளாட் பெல்ட்டைவிட அதிகமாக எங்கள் ஒலியளவு மானியை எகிறச் செய்யும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஒத்திகையில் ஒரு அளவும் மேடையில் வேறு அளவுமாகப் பாடாதீர்கள். எந்த அளவில் பாடப் போகிறீர்களோ அதையே ஒலிச் சோதனையிலும் தாருங்கள்.

கொட்டாஞ்சேனைப் பாடகி

ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. "ஏய், நில்லு" பயிற்சியை வீட்டில் செய்து பார்த்தேன். ஜி வரை வருகிறது. ஏ சுரத்தில் தாடை பின்னால் போவதைக் கண்ணாடியில் நானே காண்கிறேன். இப்போது எனக்கு இரண்டு சந்தேகங்கள். பயிற்சிக்குப் பின்னர் தொண்டையில் ஒரு களைப்பு இருக்கிறது. எது சாதாரணக் களைப்பு, எது ஆபத்து என்று எப்படி அறிவது? மற்றது, இரண்டாம் அங்கத்துப் பாடலின் சுருதியை ஒரு சுரம் இறக்கித் தரும்படி கேட்கலாமா?

பதில்: குரல் சிகிச்சையாளர்

உங்கள் முதலாவது சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறேன். 440 ஹேர்ட்ஸில் பாடும்போது குரல்நாண்கள் ஒரு செக்கனுக்கு 440 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. பெல்ட்டில் அவை கூடுதலான நேரமும் கூடுதலான விசையோடும் மூடுவதால், அதே அளவு நேரம் தலைக்குரலில் பாடுவதைவிட உழைப்பு அதிகம். மோதல் மிகுதியாக விழுவது நாண்களின் முன் மூன்றிலொரு பங்கும் நடுப்பங்கும் சந்திக்கும் இடத்தில். தவறான பழக்கம் நீடித்தால் அங்கேதான் முடிச்சுகள் உருவாகின்றன. ஆனால் முடிச்சுகள் பெல்ட் பாடகர்களுக்கு மட்டும் உரியவை அல்ல; வகுப்பறையில் நாள் முழுவதும் உரத்துப் பேசும் ஆசிரியர்களிடமும் செவ்வியல் பாடகர்களிடமும் காணப்படுகின்றன. ஜூலி அண்ட்ரூஸ் போன்ற, சிறு வயதிலிருந்தே செம்மையான சோப்ரானோப் பயிற்சி பெற்ற ஒருவர்கூட, 1997இல் செய்யப்பட்ட தொண்டைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் பாடும் குரலை இழந்தார். எந்தப் பாணியும் தானாகப் பாதுகாப்பானது அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: உங்கள் தலைக்குரல். நாண்களின் விளிம்பு சிறிதளவு வீங்கினாலும், முதலில் பாதிக்கப்படுவது மிக மெல்லிய ஒலியில் பாடும் உயர் சுரங்கள்தான். உரத்த மார்புக்குரல் அந்த வீக்கத்தை மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு காலையிலும், பெல்ட் பயின்ற நாளுக்கு மறுநாள் காலையில் கட்டாயமாகவும், நடு ஸிக்கு மேலே இரண்டாவது ஸ்தாயியின் ஈ, எஃப் சுரங்களை மிக மெல்லிய ஒலியில் தொட்டுப் பாருங்கள். சுரம் உடனே பிறந்தால் நல்லது. காற்று முதலில் வந்து சுரம் தாமதித்துப் பிறந்தாலோ, நேற்று எளிதாக வந்த இடம் இன்று வராவிட்டாலோ, அன்று பெல்ட் பயிற்சியை விட்டுவிடுங்கள். கழுத்துத் தசையிலும் தாடையிலும் வரும் களைப்பு புதிய பழக்கத்தால் வருவது, ஓய்வெடுத்தால் நீங்கும். தொண்டைக்குள் எரிச்சல், நோவு, பேச்சுக்குரலில் கரகரப்பு ஆகியவை வந்தால் நிறுத்த வேண்டும். கரகரப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் சென்று குரல்நாண்களைக் கமரா மூலம் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஒத்திகை நாட்களில் கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று பலர் நம்புகிறார்கள். பலருக்கு அது தொண்டையை இறுக்கவே செய்யும். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. அடிக்கடி தொண்டையைச் செருமாமல் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். குளிரூட்டிய ஒத்திகை அறையில் மணிக்கணக்காக இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

பதில்: பம்பலப்பிட்டிக் குரலாசிரியை

சிகிச்சையாளர் சொன்னபடியே செய்யுங்கள், தங்கச்சி. உங்கள் ஆசிரியையிடமும் அந்தக் காலைச் சோதனையைச் செய்து காட்டுங்கள். தலைக்குரல் கெடவில்லை என்பதை அவர் தம் காதாலேயே கேட்டால் அச்சம் குறையும், உங்கள் முதல் அங்கத்துப் பாடலுக்கு அவரைவிடச் சிறந்த துணை கிடைக்கப் போவதும் இல்லை.

சுருதியை இறக்குவது பற்றி: மியூசிக்கல்கள் உரிமம் பெற்றே மேடையேறுகின்றன. எழுதியதை மாற்றுவதற்கு உரிமம் தந்தவரின் அனுமதி வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை, அதில் சுருதியும் அடங்கலாம். எனவே இசை நெறியாளரிடம் இப்போதே கேளுங்கள், கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். ஆனால் என்னைக் கேட்டால், இறக்க வேண்டாம் என்பேன். ஜி வரை நேர்மையான பெல்ட் வருகிறது என்றால், ஏயையும் அதற்கு மேலுள்ள ஸியையும் மிக்ஸில் பாடலாம். உயிரெழுத்துத் திறந்திருந்து, மெய்யெழுத்துக் கூர்மையாக விழுந்து, சொல்லுக்குக் காரணமான கோபம் உண்மையாக இருந்தால், சபையோர் அதைத் தலைக்குரல் என்று பிரித்துக் கேட்கமாட்டார்கள். மியூசிக்கல் நடிகை ஓட்ரா மெக்டொனால்ட் நியூயோர்க் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் செவ்வியல் குரலிசை படித்து 1993இல் பட்டம் பெற்றவர். நடிப்புக்காக ஆறு டோனி விருதுகள் பெற்றவர். 2014இல் பில்லி ஹொலிடேயாக நடித்தபோது தம் சோப்ரானோவை முழுவதும் ஒளித்துவைத்து, அந்த ஜாஸ் பாடகியின் தேய்ந்த குரலில் பாடினார். 2024இல் 'ஜிப்சி'யில் தாயாக நடித்தபோது வேறு முடிவு எடுத்தார். 1959இல் எதெல் மெர்மனுக்காக, அவருடைய முழு மார்புக்குரலை மனதில் வைத்து எழுதிய வேடம் அது. அதன் உயர்ந்த இடங்களில் மெக்டொனால்ட் தம் சோப்ரானோவையும் சேர்த்துக்கொண்டார். மெர்மன் பாணியில் கேட்டுப் பழகிய பலருக்கு அது ஒவ்வவில்லை, விவாதமே நடந்தது. நான் மெக்டொனால்டின் பக்கம். குரல் பிளந்து மேலே போகும் அந்த இடங்களில் அந்தத் தாயின் மனம் உடைவது எனக்குக் கேட்கிறது.

பயிற்சி வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் தலைக்குரலில் மெதுவாகக் கீழே இறங்கும் வரிசைகள், பிறகு பேச்சு, பிறகு கூப்பிடுதல், அதன் பிறகே இரண்டாம் அங்கத்துப் பாடல். அதுவும் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். முடித்த பின்னர் மீண்டும் தலைக்குரலில் மெல்லிய சறுக்கல்கள் செய்து குரலைத் தளர்த்துங்கள். மேடையில் முதல் அங்கத்துப் பாடல்தான் முதலில் வருகிறது என்பது உங்களுக்குச் சாதகம். முழு நாடகத்தையும் ஓட்டிப் பார்க்கும் ஒத்திகைகளில் இரண்டாவது பாடலை ஒவ்வொரு தடவையும் முழு வலுவோடு பாட வேண்டியதில்லை. ஒரு ஸ்தாயி கீழே பாடிக் குறித்துக்கொண்டு போக அனுமதிக்கும்படி நெறியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏ சுரத்தில் தாடை பின்னால் போகாமல் நிற்கத் தொடங்கியதும் இங்கே எழுதுங்கள். அடுத்து விப்ராட்டோவை எங்கே அனுமதிப்பது என்று பார்ப்போம்.